பாதியில் நின்ற கட்டடம் ஹோட்டல் ஆகுமா? வாசகர் கேள்வி பதில்

பாதியில் நின்றுபோன கட்டடங்களை வாங்கி பூட்டிக் ஹோட்டலாக (சில அறைகளே கொண்ட, தனி அழகுள்ள சிறு ஹோட்டலாக) மாற்றுவது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மொரிஷியஸின் மேற்குக் கடற்கரையிலிருந்தும் மாயேபூர் பக்கமிருந்தும் வந்தவை. ஒரு கட்டமைப்புப் பொறியாளரும், ஹோட்டல் கட்டுமானங்களை மேற்பார்க்கும் திட்ட மேலாளர் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

ஃபிளிக்-ஆன்-ஃபிளாக்கில், கடலிலிருந்து சுமார் 400 மீட்டர் தள்ளி ஒரு கட்டடம் விலைக்கு வருகிறது. அடுக்குமாடி வீடுகளுக்காக ஆரம்பித்தது. தரைத்தளமும் மேலே இரண்டு மாடிகளும் கான்கிரீட் போட்டதோடு நிற்கிறது. ஒன்பது வருடமாக வேலை இல்லை. மொட்டை மாடியில் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டு துருப்பிடித்துக் கிடக்கின்றன. "துரு வெளியேதான், உள்ளே கம்பி புதுசாக இருக்கும்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?
– வாசகர், கத்ர் போர்ன்

அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அது சொல்லித் தெரியும் விஷயமில்லை, சோதித்துத் தெரியும் விஷயம். விலை பேசுவதற்கு முன்பே சோதனைக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அனுமதி தர மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடலாம்.

கண்ணுக்குத் தெரியும் கம்பியிலிருந்து தொடங்குவோம். கம்பித் தூரிகையால் துரு முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டு, கான்கிரீட்டிலிருந்து கம்பி வெளியே வரும் கழுத்துப் பகுதியில் வெர்னியரால் அளக்க வேண்டும். நீர் தங்குவது அங்கேதான், தேய்வு அதிகமும் அங்கேதான். 16 மி.மீ. கம்பி 15 ஆகியிருந்தால் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். குறுக்குப் பரப்பில் 12 சதவீதம் போய்விட்டது. 14.5 என்றால் 18 சதவீதம். அந்த நிலையில் பழைய கம்பியோடு புதுக் கம்பியை அப்படியே கட்டிவிட்டு மேலே போகக் கூடாது. தூணின் தலையை உடைத்து, தேயாத கம்பி தெரியும் வரை கீழே இறங்கி, அங்கிருந்து மேல்கவிப்பு கொடுக்க வேண்டும், அதாவது புதுக் கம்பியைப் பழையதோடு கொஞ்ச நீளம் சேர்த்து ஓடவிட வேண்டும். கவிப்பு நீளம் பொதுவாகக் கம்பி விட்டத்தின் 40 முதல் 50 மடங்கு, அதாவது 16 மி.மீ. கம்பிக்கு 640 முதல் 800 மி.மீ. வழியை மறைக்கிறதே என்று யாரோ வளைத்துவிட்ட கம்பிகளை மறுபடி நிமிர்த்தவும் கூடாது. துருக்குழி விழுந்த இடத்தில் அது விரிசல் விடும், கண்ணுக்கும் தெரியாது.

அடுத்தது கான்கிரீட்டின் உள்ளே. இதற்கு நான்கு சோதனைகள் போதும், ஆனால் நான்கும் வேண்டும்.

முதலாவது, வலிமைக்கு 100 மி.மீ. விட்டத்தில் கோர், அதாவது துளைத்தெடுக்கும் உருளை மாதிரி, எடுப்பது. ஒவ்வொரு தளத்திலும் குறைந்தது மூன்று எடுங்கள். மூன்றின் சராசரி வரைபடத்தில் குறித்த வலிமையில் 85 சதவீதத்தைத் தொட வேண்டும், எந்த ஒன்றும் 75-க்குக் கீழே போகக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல். கான்கிரீட்டின் மேல் தட்டி, திரும்பும் துள்ளலை அளக்கும் சுத்தியல் சோதனையை மட்டும் செய்து முடித்துக்கொள்ளாதீர்கள். வருடக்கணக்கில் காற்றுபட்ட கான்கிரீட்டின் தோல் இறுகிப்போயிருக்கும். சுத்தியல் அந்தத் தோலைத்தான் அளக்கும், உள்ளதைவிட நல்ல எண்ணைக் காட்டும்.

அந்தத் தோல் இறுகுவதற்குக் காரணம் காற்றிலுள்ள கரியமில வாயு. அது எவ்வளவு ஆழம் உள்ளே போயிருக்கிறது என்பது இரண்டாவது சோதனை. புதிதாக உடைத்த பரப்பில் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால் காரத்தன்மை (கம்பியைத் துருவிலிருந்து காப்பது அதுதான்) உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும், இழந்த பகுதி நிறம் மாறாது. இந்த ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தோடு வளரும். ஒன்பது வருடத்தில் 15 மி.மீ. என்றால், 9-ன் வர்க்கமூலம் 3, 15-ஐ 3-ஆல் வகுத்தால் வேகம் 5. கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம், 25 மி.மீ. இருந்தால் 25-ஐ 5-ஆல் வகுக்க 5, அதன் வர்க்கம் 25: கம்பியைத் தொட மொத்தம் 25 வருடம். இன்னும் 16 வருடம் கையில் இருக்கிறது. நல்ல பாதுகாப்புப் பூச்சு போட்டால் அது இன்னும் நீளும். கவர் 15 மி.மீ. மட்டுமே உள்ள இடத்தில் அதே எண் வேறு கதை சொல்கிறது. ஆகவே உள்ளே கம்பி எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று காட்டும் கவர்மீட்டரை வைத்து எல்லா பீம்களின் அடிப்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் கட்டடத்துக்கு மிக முக்கியமானது மூன்றாவது சோதனை, உப்பு. முதல் 5 மி.மீ. தூளை எறிந்துவிட்டு, 5–25, 25–50, 50–75 மி.மீ. ஆழங்களில் தனித்தனியாகத் துளைத்துத் தூள் எடுத்துக் குளோரைடு பார்க்க வேண்டும். சிமெண்ட் எடையில் 0.4 சதவீதம் என்பது வழக்கமான எச்சரிக்கைக் கோடு. இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. சில ஆய்வகங்கள் கான்கிரீட் எடையில் சதவீதம் தருவார்கள். ஒரு கனமீட்டருக்கு 350 கிலோ சிமெண்ட் என்றால், சிமெண்டில் 0.4 என்பது கான்கிரீட்டில் கிட்டத்தட்ட 0.06. அறிக்கையில் 0.1 என்று பார்த்து "0.4-க்கு ரொம்பக் கீழேதானே" என்று மகிழ்ந்தால் கதை தலைகீழ். எந்த எடையில் கணக்கிட்டது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உப்பு மேல் அடுக்கில் மட்டும் இருந்தால் கடற்காற்று கொண்டுவந்தது; எல்லா ஆழத்திலும் ஒரே அளவு இருந்தால் கலவையிலேயே சேர்ந்தது. இரண்டாவதற்கு மலிவான மருந்து கிடையாது.

கடைசியாக மின்னழுத்தச் சோதனை. செப்பு சல்பேட் மின்முனை வைத்து அளக்கும்போது −350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே போகும் இடங்களில் துரு வேலை செய்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. இதை வரைபடத்தில் கட்டம் கட்டமாகக் குறித்தால் எங்கே உடைக்க வேண்டும் என்பது விளங்கும்.

இவற்றோடு இரண்டு மூன்று தூண்களின் அருகே குழி தோண்டி அடித்தளத்தையும் பாருங்கள். மொரிஷியஸ் மண்ணில் ஒரு தூண் பாறைமேலும் பக்கத்துத் தூண் கற்களுக்கு நடுவே உள்ள களிமேலும் நிற்பது சாதாரணம். தளங்களின் மட்டத்தையும் லேசர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 4.5 மீட்டர் இடைவெளியில் 18 மி.மீ.க்கு மேல் தொய்வு இருந்தால் முட்டுகளைச் சீக்கிரம் எடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

சோதனையில் சில பீம்களில் உப்பு அதிகம் என்று வந்தது. கெட்ட இடத்தை உடைத்துச் சிமெண்ட் கலவை பூசினால் போதாதா?
– வாசகி, தமாரின்

போதாது. உப்புள்ள பழைய கான்கிரீட்டுக்கு நடுவே புதுக் கலவையை ஒட்டுப்போட்டால், ஒட்டின் உள்ளே உள்ள கம்பி நன்றாக இருக்கும். ஒட்டைச் சுற்றி ஒரு வளையமாகப் புதிதாகத் துரு கிளம்பும். சில வருடத்தில் ஒட்டு அப்படியே நிற்க, அதன் ஓரம் வெடித்துக்கொண்டு வரும். கம்பிக்குப் பின்னால் 20–25 மி.மீ. இடைவெளி கிடைக்கும் வரை உடையுங்கள். துரு முடியும் இடத்தைத் தாண்டி இருபுறமும் 50 மி.மீ.யாவது போங்கள். ஒட்டின் ஓரத்தில் கம்பியோடு துத்தநாக ஆனோடு (கம்பிக்குப் பதிலாகத் தான் அரிபடும் துண்டு) கட்டி, பழுதுபார்ப்புக்கென்றே வரும் கலவையை நிரப்புங்கள். ஆனோடைக் கட்டாமல் விட்டால் மிச்சமாகும் பணம் சொற்பம்.

2001-க்கு முந்தைய கட்டடம் என்றால் இன்னொரு கவனம். அந்த வருடம்தான் லகூனிலிருந்து (கரைக்கும் பவளப் பாறைக்கும் இடைப்பட்ட ஆழமில்லாத கடலிலிருந்து) மணல் எடுப்பது நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னால் பவள மணல் சரியாகக் கழுவப்படாமல் கலவையில் சேர்ந்த கட்டடங்கள் உண்டு. பூச்சைத் தட்டி, சுண்ணாம்பு வெள்ளையாகச் சிப்பித் துகள்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

விற்பவர் 15 மில்லியன் ரூபாய் கேட்கிறார். "நான் போட்ட காசே அதற்கு மேல்" என்கிறார். 14 அறைகள் வரும். நியாயமான விலையா?
– வாசகர், ரோஸ்ஹில்

அவர் போட்ட காசு அவருடைய கணக்கு. உங்கள் கணக்கு பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும்: ஹோட்டல் என்ன சம்பாதிக்கும், அதை முடிக்க என்ன செலவாகும், மிச்சம் எவ்வளவு. அந்த மிச்சம்தான் நிலத்துக்கும் கூட்டுக்கும் (பாதியில் நிற்கும் கான்கிரீட் கட்டமைப்புக்கும்) சேர்த்து நீங்கள் தரக்கூடிய விலை.

உதாரணமாக ஓர் அறைக்கு இரவுக்கு 4,500 ரூபாய், வருடத்தில் 55 சதவீதம் நிரம்பும் என்று வையுங்கள். 14 × 365 × 0.55 × 4,500, கிட்டத்தட்ட 12.65 மில்லியன். நடத்தும் செலவு போக 30 சதவீதம் மிஞ்சினால் 3.8 மில்லியன். முதலீட்டில் 10 சதவீதம் வேண்டும் என்றால் எல்லாம் சேர்த்து 38 மில்லியனுக்கு மேல் நீங்கள் செலவழிக்கக் கூடாது. இப்போது முடிக்கும் செலவு. 630 சதுர மீட்டர், மீட்டருக்கு 35,000 என்றால் 22 மில்லியன். மேசை, கட்டில், திரை, விளக்கு அறைக்கு இரண்டரை லட்சம் வீதம் 3.5. எதிர்பாராததற்கு 20 சதவீதம், 4.4. வட்டியும் கட்டணங்களும் 3. கூட்டினால் 33 மில்லியன். மிச்சம் 5 மில்லியன்தான். அவர் கேட்பது 15.

இதே கணக்கில் 55-க்குப் பதில் 65 சதவீதம் போட்டால் மிச்சம் 12 மில்லியனைத் தொடும், 75 போட்டால் 18-ஐத் தாண்டும். தரகர்கள் ஏன் எப்போதும் 75-ல் ஆரம்பிக்கிறார்கள் என்பது இப்போது புரியும். எண்களை உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள், முறையை மாற்றாதீர்கள். புதுக் கட்டடத்துக்கு எதிர்பாராததற்கென 10 சதவீதம் ஒதுக்குவார்கள். நின்றுபோன கட்டடத்துக்கு 20-க்குக் குறைத்தால் பாதியில் இரண்டாவது முறையும் நிற்கும். பத்திரப் பதிவில் வாங்குபவர் கட்டும் 5 சதவீதத் தீர்வையையும், ஒப்பந்தக்காரரின் விலையில் 15 சதவீத மதிப்புக்கூட்டு வரி சேர்ந்திருக்கிறதா என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வெறும் நிலமே இந்த மிச்சத்தைவிட அதிக விலை போகும் என்றால், அந்த இடத்தில் ஹோட்டல் கணக்கு எடுபடவில்லை என்று அர்த்தம். இடித்துவிட்டு வேறு கட்டலாம், அல்லது விட்டுவிடலாம்.

வாங்குவதற்கு முன் என்னென்ன பத்திரம் பார்க்க வேண்டும்? ரியூனியனில் இருக்கும் எங்கள் சித்தப்பா மகனும் பங்கு போட ஆசைப்படுகிறார்.
– வாசகி, போர்ட் லூயி

நோட்டரி மூலம் அடமானப் பதிவகத்தில் தேடச் சொல்லுங்கள். நின்றுபோன கட்டடத்தின் மேல் வங்கிக் கடன் பதிவு இருப்பது கிட்டத்தட்ட நிச்சயம். வேலை செய்த ஒப்பந்தக்காரர், கட்டடக் கலைஞர் ஆகியோரின் நிலுவையும் சேர்ந்திருக்கலாம். விற்பது நிறுவனம் என்றால் அது கலைப்பு நடவடிக்கையில் இருக்கிறதா, கையெழுத்துப் போட யாருக்கு அதிகாரம் என்று பாருங்கள்.

நில அளவையாளரை வைத்து எல்லைக் கற்களை மறுபடி அளக்கச் செய்யுங்கள். பக்கத்து வீட்டு எல்லையில் ஒரு அடி ஏறி நிற்கும் தூண் பின்னால் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். கரையோரம் என்றால் உயர் அலைக் கோட்டிலிருந்து 30 மீட்டர் பின்வாங்கல் விதி இருக்கிறது. நிலம் பா ஜியோமெட்ரிக் எனப்படும், அரசுக்குச் சொந்தமான கரையோரப் பட்டையில் வந்தால் அது சொத்து இல்லை, குத்தகை. எந்தக் காலத்துக்குள் கட்டி முடிக்க வேண்டும் என்று குத்தகையில் கெடு இருக்கும். அது தாண்டிப்போயிருந்தால் முதலில் வீட்டுவசதி மற்றும் நில அமைச்சகத்தோடு பேசி முடிக்க வேண்டும்.

அடுக்குமாடி வீட்டுக்கு வாங்கிய பழைய கட்டட, நிலப் பயன்பாட்டு அனுமதி ஹோட்டலுக்குச் செல்லாது. பயன்பாடு மாறுகிறது, புது விண்ணப்பம் வேண்டும். கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஹோட்டல் என்றால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வேண்டுமா என்று சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் முதலிலேயே எழுதிக் கேளுங்கள். டூரிசம் அத்தாரிட்டி உரிமத்தில் விருந்தினர் இல்லம், ஹோட்டல் என்று பிரிவுகள் உண்டு. எந்தப் பிரிவு என்று முடிவு செய்த பிறகுதான் வரைபடம் போட வேண்டும். வரைபடம் போட்டுவிட்டுப் பிரிவு தேடுவது பணத்தைக் கொட்டும் வேலை.

உங்கள் சித்தப்பா மகன் மொரிஷியஸ் குடிமகன் இல்லை என்றால், 1975-ஆம் ஆண்டின் குடிமக்கள் அல்லாதோர் சொத்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் குறுக்கே வரும். அவர் பங்குதாரராகச் சேரும் நிறுவனத்துக்கும் அது பொருந்தலாம். பணத்தைக் கொண்டுவரும் முன் நோட்டரியிடம் கேளுங்கள், பிறகல்ல.

தூண்கள் 4.2 மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. மாடிக்கு மாடி உயரம் 2.9 மீட்டர். வீட்டுக்குப் போட்ட திட்டத்தில் குளியலறைகள் எல்லாம் ஒரு மூலையில். ஹோட்டலுக்கு ஒவ்வோர் அறைக்கும் ஒன்று வேண்டுமே?
– வாசகர், வகுவா

இந்தக் கடிதத்தில் மூன்று கேள்விகள் மறைந்திருக்கின்றன: சுவர், குழாய், எடை.

4.2 மீட்டர் நல்ல இடைவெளி. 6 அங்குல பிளாக் சுவர் இருபுறமும் பூச்சோடு 18 செ.மீ. வரும், உள்ளே 4 மீட்டர் சுத்தமாகக் கிடைக்கும். 6 மீட்டர் நீளம் கொடுத்தால் 24 சதுர மீட்டர் அறை, அதில் 1.8 × 2.4 குளியலறை. அறைச் சுவர்களைத் தூண் வரிசையிலேயே, பீமின் மேலேயே வையுங்கள். பூசிய பிளாக் சுவர் ஓடும் மீட்டருக்கு 700–800 கிலோ எடை; அதைப் பீம் இல்லாத தளத்தின் நடுவில் வைத்தால் பொறியாளர் தளத்தை மறுபடி கணக்கிட வேண்டும். ஓர் அறையைக் கூட்ட வேண்டும் என்ற ஆசையில் 14-ஐ 16 ஆக்குவது பெரும்பாலும் இங்கேதான் சிக்கிக்கொள்ளும். கூடு எத்தனை அறை தருகிறதோ அத்தனைதான் அறை.

சுவரை மேல் தளத்தின் அடி வரை கொண்டுபோய் அடையுங்கள். பொய்க் கூரை உயரத்தில் நிறுத்திவிட்டால் பக்கத்து அறையின் தொலைக்காட்சி இங்கே கேட்கும். இரண்டு அறைகளின் மின்பெட்டிகள் முதுகோடு முதுகாக ஒரே துளையில் வரக் கூடாது, 30 செ.மீ. விலக்கி வையுங்கள். லிஃப்ட் சுவரில் கட்டில் தலை வைக்காதீர்கள். பூட்டிக் ஹோட்டல் விமர்சனங்களில் அழகைப் பற்றிய புகாரைவிடச் சத்தத்தைப் பற்றிய புகாரே அதிகம் வரும்.

குழாய்க்கு, இரண்டு அறைகளின் குளியலறைகளை எதிரெதிராகச் சேர்த்து நடுவில் ஒரு செங்குத்துச் சந்து விடுங்கள். ஆள் நுழைந்து பழுது பார்க்கும்படி நடைபாதைப் பக்கம் கதவு இருக்கட்டும். கழிவறைக் குழாய் 110 மி.மீ., சரிவு 40-க்கு 1. இரண்டு மீட்டர் ஓடினால் 50 மி.மீ. இறங்கும். ஆகவே கழிவறைக் கோப்பை சந்திலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டருக்குள் இருக்க வேண்டும். தளத்தைத் துளைத்துக் குழாயைக் கீழ்த்தளத்துக் குளியலறையின் பொய்க் கூரைக்குள் தொங்கவிடுவது நல்ல வழி. 15 செ.மீ. தளம் போக 2.75 மீட்டர் உயரம் இருக்கிறது. குளியலறைக் கூரையை 2.35-ல் நிறுத்தினால் 40 செ.மீ. கிடைக்கும், அதற்குள் எல்லாம் அடங்கும். துளை போடும் முன் கவர்மீட்டரால் கம்பியைக் குறித்துக்கொள்ளுங்கள். பீமில் துளை வேண்டவே வேண்டாம். பீம் இல்லாத தட்டைத் தளம் என்றால் தூணை ஒட்டியும் கூடாது.

சிலர் துளைப்பதற்குப் பயந்து, குளியலறைத் தரையை 15 செ.மீ. உயர்த்தி, உள்ளே குழாயை ஓடவிட்டு மணலும் சிமெண்டும் நிரப்புவார்கள். அந்த நிரப்பல் மட்டும் சதுர மீட்டருக்கு 300 கிலோ. அறைக்கென்று தளம் தாங்கக் கணக்கிட்ட பயன்பாட்டுச் சுமையோ 150–200 கிலோ. கட்டாயம் உயர்த்தத்தான் வேண்டும் என்றால் தெர்மோகோல் பலகை அல்லது நுரைக் கான்கிரீட் நிரப்புங்கள். அறை வாசலில் ஒரு படி ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள். சக்கர நாற்காலி அந்தப் படியில் நின்றுவிடும்.

மொட்டை மாடியில் நீச்சல் குளம் என்று நான்கு கடிதங்களில் கேட்டிருக்கிறார்கள். 1.2 மீட்டர் ஆழத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 1,200 கிலோ, குளத்தின் சுவரும் தரையும் தனி. வீட்டுக்கென்று கட்டிய கூட்டில் அது முடியாது. குளத்தைத் தரையில் வையுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் இதே யோசனை. விருந்தினருக்கு ஒரு நாளைக்கு 250 லிட்டர் என்றால் 28 பேருக்கு 7,000 லிட்டர். இரண்டு நாள் இருப்பு 14 டன். கீழே பெரிய தொட்டியும் பம்பும், மேலே இரண்டாயிரம் லிட்டர் மட்டும், அதுவும் தூண்களின் தலைக்கு மேலே.

எங்கள் கட்டடத்தில் ஒரே ஒரு படிக்கட்டு. ஹோட்டலுக்கு இரண்டாவது வேண்டும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், கியூர்ப்பிப்

வேண்டும் என்றே எடுத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். வீட்டில் தூங்குபவருக்கு இருட்டிலும் வழி தெரியும். ஹோட்டலில் முதல் இரவு தங்குபவருக்குத் தெரியாது. புகை ஒரு படிக்கட்டை அடைத்தால் இரண்டாவதுதான் உயிர். நடைபாதையின் மறுமுனையில் வெளிப்புறமாக ஒரு கான்கிரீட் படிக்கட்டு சேர்ப்பது பெரும்பாலும் சாத்தியம். அதற்குத் தனி அடித்தளம் போட்டு, பழைய கூட்டோடு இடைவெளி விட்டு நிறுத்துங்கள். கடலோரத்தில் இரும்புப் படிக்கட்டு மலிவாகத் தெரியும். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த பூச்சு இல்லாவிட்டால் சில வருடத்தில் மிதிப்பலகை பொத்தலாகும்.

அறைக் கதவுகள் 30 நிமிடம் தீ தாங்குபவையாக, தானாக மூடும் கருவியோடு இருக்க வேண்டும். குழாய்ச் சந்து ஒவ்வொரு தளத்திலும் அடைக்கப்பட வேண்டும். திறந்து விட்டால் அதுவே புகைபோக்கி. வரைபடத்தை மொரிஷியஸ் தீயணைப்பு மற்றும் மீட்புச் சேவைக்குச் சுவர் எழும்பும் முன் காட்டுங்கள். தீச் சான்றிதழ் இல்லாமல் உரிமம் நகராது, பூச்சு முடிந்த பிறகு சுவரை உடைப்பதோ இரட்டைச் செலவு.

லிஃப்ட்டுக்கு விட்ட குழி உள்ளளவு 1.5 × 1.6 மீட்டர். போதுமா?
– வாசகர், திரியோலே

வழக்கமான 8 பேர், 630 கிலோ லிஃப்ட்டுக்குக் கூண்டு 1.1 × 1.4, அதற்குக் குழி சுமார் 1.6 × 1.75 வேண்டும். உங்களுடையதில் 450 கிலோ, 1.0 × 1.25 கூண்டு அடங்கலாம். சக்கர நாற்காலி நுழையும், துணையாளுக்கு இடம் இருக்காது. ஆனால் அளவை நாடாவால் மட்டும் பார்க்காதீர்கள். மேலிருந்து நான்கு மூலையிலும் தூக்குக் குண்டு தொங்கவிட்டு, சுவர் செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். நின்றுபோன கட்டடங்களில் தளத்துக்குத் தளம் சுவர் 3, 4 செ.மீ. விலகியிருப்பது சகஜம், அந்த விலகலைக் கழித்தபின் மிஞ்சுவதே உங்கள் அளவு. அடிக்குழியில் தேங்கிய நீரை இறைத்துவிட்டு, மறுபடி ஊறுகிறதா என்று மழைக்காலத்தில் பாருங்கள். ஊறினால் லிஃப்ட் நிறுவனத்தை அழைக்கும் முன் நீர்க்காப்பு வேலை முதலில்.

முன்பு வேலை செய்த ஒப்பந்தக்காரரே திரும்ப வந்து முடித்துத் தருவதாகச் சொல்கிறார். புது ஆள் யாரும் பழைய வேலைக்குப் பொறுப்பேற்க மறுக்கிறார்கள். யாரை எடுப்பது?
– வாசகர், ரோஸ் பெல்

மறுப்பவர்கள் மேல் கோபப்பட வேண்டாம். மொரிஷியஸ் சிவில் சட்டத்தில் கட்டடத்தின் பிரதான வேலைக்குப் பத்து வருடமும், சிறு வேலைக்கு இரண்டு வருடமும் கட்டுபவருக்குப் பொறுப்பு உண்டு. யாரோ போட்ட தூணுக்கு அந்தப் பத்து வருடத்தை யார் தலையில் ஏற்றிக்கொள்வார்?

தீர்வு எல்லையைக் கோடு போட்டுப் பிரிப்பதுதான். உங்கள் பொறியாளரும் புது ஒப்பந்தக்காரரும் கூடித் தளம் தளமாக நிலை அறிக்கை தயாரிக்க வேண்டும்: படம், சோதனை முடிவு, விரிசல் வரைபடம், எந்தத் தூண் பழசு, எது பழுதுபார்த்தது. பழைய கூட்டின் தகுதிக்குப் பொறியாளர் கையெழுத்து, அதன்மேல் செய்வதற்கு ஒப்பந்தக்காரர் கையெழுத்து. வரைபடத்தையும் வேலையையும் தனியாகச் சரிபார்க்கும், காப்பீட்டாளர் ஏற்கும் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஒன்றை ஆரம்பத்திலிருந்தே உள்ளே கொண்டுவந்தால் வங்கியும் இறங்கி வரும்.

பழைய ஆள் திரும்ப வருவதில் ஒரே ஒரு நன்மை, மறைந்திருப்பது எது என்று அவருக்குத் தெரியும். வேலை ஏன் நின்றது என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். முதலாளியிடம் பணம் தீர்ந்து நின்றது என்றால் யோசிக்கலாம். தகராறில் நின்றது என்றால், இருதரப்புக் கடிதங்களையும் படிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மேல் மாடியில் மழை ஒழுகுகிறது. மேலே இன்னொரு தளம் கட்டப் போவதில்லை. புயலுக்கும் தாங்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, மாயேபூர்

ஒழுகுவது தளத்தால் அல்ல, பெரும்பாலும் கம்பியால். அடுத்த மாடிக்கென்று நீட்டி விட்ட தூண் கம்பிகளின் ஓரமாக நீர் கீழே இறங்குகிறது. சுற்றிலும் கான்கிரீட்டை 30 மி.மீ. ஆழத்துக்குச் சதுரமாகக் குடைந்து, அந்தக் குழிக்குள் கம்பியை அறுத்து, முனைக்குத் துத்தநாகப் பூச்சு கொடுத்து, சுருங்காத பழுதுக் கலவையால் மூடுங்கள். மேற்பரப்போடு சமமாக அறுத்து மேலே தார் ஷீட் ஒட்டினால், முனை துருப்பிடித்து ஊதி ஷீட்டைக் குத்திக் கிழிக்கும். பிறகு 100-க்கு 1 சரிவில் ஸ்க்ரீட் (சரிவு கொடுக்கும் சிமெண்ட் பூச்சு), 4 மி.மீ. ஷீட், கைப்பிடிச் சுவரில் 15 செ.மீ. ஏற்றம். மழைநீர் வெளியேற இரண்டு வாய்களாவது வேண்டும். இரண்டும் அடைத்தால் வழிவதற்குச் சுவரில் ஒரு துளையும். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் போர்ட் லூயியில் என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முடிந்ததும் வாயை அடைத்து 5 செ.மீ. நீர் கட்டி 48 மணி நேரம் விட்டு, கீழே ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

1975-ல் ஜெர்வேஸ் புயலின்போது பதிவான வீச்சு மணிக்கு 280 கிலோமீட்டர். கண்ணாடிக் கதவுக்கு விலைப்புள்ளி வாங்கும்போது இந்த எண்ணைச் சொல்லி, எந்தக் காற்றழுத்தத்துக்குச் சோதித்தது என்று சான்றிதழ் கேளுங்கள். கண்ணாடி இரண்டு அடுக்கு ஒட்டியதாக இருக்கட்டும். உடைந்தாலும் சட்டத்திலேயே நிற்கும். பால்கனித் தரை அறைத் தரையைவிட 5 செ.மீ.யாவது தாழ்ந்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஒரே மட்டத்தில் தளம் போட்டிருந்தால், கதவு ஓரம் நீளவாக்கில் மூடிய வடிகால் ஒன்று வையுங்கள். அலுமினியம் நல்லதாக வாங்கிவிட்டுத் திருகாணியில் மிச்சம் பிடிக்காதீர்கள்: துருப்பிடிக்காத எஃகிலேயே 304 ரகம் இந்தக் கரையில் பழுப்பு வடியும், 316 ரகம் வாங்குங்கள். வேலையாட்கள் பெட்டியில் எது இருக்கிறதோ அதைப் போடுவார்கள். பெட்டியை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.